ஐப்பசி மழையும் அடம்பிடிக்கும் வண்டியும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மெக்கானிக் கடைகளில் காலை நேரப் புகார் அநேகமாக ஒன்றுதான்: கிக்கரை உதைத்துக் கால் வலிக்கிறது, ஸ்டார்ட் ஆனாலும் சிக்னலில் நின்றதும் அணைந்துவிடுகிறது. வீட்டில் ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பவர் நேராகக் கார்ப்பரேட்டரில் கை வைப்பார். மழைக்காலத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் தண்ணீர், அடுத்து நெருப்பு, பிறகு காற்று; மூன்றிலும் குறை இல்லை என்று தெரிந்த பிறகே டியூனிங்.

இந்த வாரமே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. மூடியைச் சுற்றிய பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வடிய, பல வண்டிகளில் ஒரு சிறு துளை இருக்கும். கோடைப் புழுதி அதை அடைத்திருந்தால் தண்ணீர் டேங்க்குக்குள் கசியும். இப்போது பங்க்கில் கிடைப்பதோ 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் படியும். என்ஜினுக்குப் போகும் குழாய் தொடங்குவதும் அந்த அடியில்தான். என்ஜின் ஆறியிருக்கும்போது கார்ப்பரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தால் போதும் (பக்கத்தில் பீடி வேண்டாம்). அடியில் தனி அடுக்காகவோ துளிகளாகவோ ஏதாவது தெரிந்தால் ஆள் சிக்கிவிட்டார். டேங்க்கையும் வடிக்க வேண்டியதுதான்.

நெருப்பைச் சோதிக்க இருட்டு போதும். இரவில் விளக்கில்லாத இடத்தில் என்ஜினை ஓடவிட்டு, தொடாமல் பிளக் ஒயரைப் பார்க்க வேண்டும். நீலப் பொறி அங்கங்கே துள்ளினால் ஒயரோ பிளக் தொப்பியோ வெடித்திருக்கிறது. ஈரம் பட்டதும் மிஸ்ஸிங் வருவது அதனால்தான். பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, நின்றதும் என்ஜினை அணைத்து, ஆறியபின் பிளக்கைக் கழற்றலாம். முனை இளம்பழுப்பாக இருந்தால் கவலை இல்லை. கரிபோல் உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அது பிஸ்டன் ரிங், வால்வு சீல் சமாசாரம், டியூனிங்கில் தீராது. பிளக் இடைவெளி பல 100 சிசி வண்டிகளில் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

காற்றைப் பிடிக்கச் சோக்தான் கருவி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டம் சீராகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை: ஸ்லோ ஜெட்டில் அடைப்பு, அல்லது கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் கீறிக் காற்றை உறிஞ்சுகிறது. ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்ததும் என்ஜின் சத்தம் மாறினால் கீறல் அங்கேதான். சோக் இழுத்ததும் திணறி அணைந்தால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம். நனைந்த காகித ஃபில்டரை வெயிலில் காயவைத்து மாட்டும் சிக்கனம் வேண்டாம், புதிதே மலிவு.

கோடையில் “மைலேஜுக்கு” என்று பெட்ரோலைக் குறைத்து வைத்த வண்டிகள்தான் இந்த மாதம் அதிகம் படுத்தும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. பெட்ரோலோ குளிரில் சரியாக ஆவியாகாது. மே மாதத்தில் ஒப்பேறிய கலவை ஐப்பசி விடியலில் போதாமல் போகிறது.

மற்றதெல்லாம் சரி என்றால் மட்டும் கார்ப்பரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஸ்குரூ. சூடான வண்டியில் அதை மெல்ல உள்ளே திருப்பி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இறுக்கினால் ஊசி முனை கெடும். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, என்ஜின் வேகம் உச்சம் தொடும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஐடிலிங்கைக் குறைக்கலாம். ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பக் காற்று கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். பலர் குழம்புவது இங்கேதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஸ்குரூவே கிடையாது. மீட்டரில் என்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்தான் வழி.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளைப் போல என்ஜின் வரை தண்ணீர் ஏறிவிட்டால் செல்ஃபைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் டீ நிறத்தில் இருந்தால் மாற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, இன்னொரு முறையும் மாற்ற வேண்டும்.