மின்சார வாகனமும் அரசாங்க உதவியும்

1952ஆம் ஆண்டு மலாயாவில் ரப்பர் மறுநடவு நிதி நிறுவப்பட்டது. ஏற்றுமதியான ரப்பர் மீது விதிக்கப்பட்ட வரியே அதன் முதல். முதிர்ந்த மரங்களை வெட்டி நல்லினக் கன்று நட்ட சிறுதோட்டக்காரர், நடவு பார்வையிடப்பட்ட பின்னரே தவணைப் பணம் பெற்றனர். அரசாங்கம் தனியார் தொழிலுக்கு உதவலாமா என்னும் வினாவுக்கு நாமறிந்த விடை இதுவே: உதவலாம், ஆனால், செய்த வேலையைக் கண்டு உதவ வேண்டும்.

இந்த அளவுகோலை மோட்டார்த் தொழிலுக்கும் வைத்துப் பார்ப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஷா ஆலத்தில் உருவான புரோட்டோன் சாகா, 1985இல் வெளிவந்தது. அயல்நாட்டுக் கார்கள் மீது உயர்ந்த வரி விதித்து அரசாங்கம் அதனைக் காத்தது. நம்மவர் பலர் தொழில் கற்றனர் என்பது மெய்யே. ஆயினும் முப்பதாண்டுகளுக்குப் பின்னரும், 2016இல், 150 கோடி வெள்ளி கடனுதவி தேவைப்பட்டது. மறு ஆண்டே 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்திடம் சென்றது.

மின்சாரக் கார்களுக்கு 2022இல் இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி, சாலை வரி யாவும் விலக்கப்பட்டன. முழுமையாக இறக்குமதியாகும் கார்களுக்கு 2025 இறுதி, இங்கே பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதி எனக் கெடு வைத்தது நன்று. எனினும், உள்நாட்டுத் தொழிலைக் காக்கவேண்டி, 100,000 வெள்ளிக்குக் குறைந்த மின்சாரக் கார்களை 2025 வரை இறக்குமதி செய்ய இடமளிக்கப்படவில்லை. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் பெறுபவருக்கு அது ஏறத்தாழ ஐந்தாண்டு ஊதியம்! விட்டுக்கொடுத்த வரியின் பயன் வசதி படைத்தோரையே பெரிதும் சேர்ந்தது.

பால்வெட்டுக்கு விடியலில் புறப்படுவோர் ஏறுவது மோட்டார் சைக்கிளில். ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்படாதவர் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க 2024இல் 2,400 வெள்ளி வரை கழிவு அளிக்கப்பட்டது. இவ்வகை உதவியே விரிவடைய வேண்டும். தோட்டக் குடியிருப்புகளில் மின்னூட்ட வசதியும் உடன்வர வேண்டும்.