கிண்டலா, கோபமா?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் முதலில் பழகுவது நண்பர்களுடன் சாட் செய்யத்தான். கரண்ட் இல்லை, மானேஜர் படுத்துகிறார், வெயில் தாங்கவில்லை என்று புலம்புவதில் தனி சுகம். ஆனால் "உனக்கென்னப்பா, ராஜா வாழ்க்கை" என்பதை நேரில் சொன்னால் சிரிப்பார்கள். திரையில் படித்தால் குத்தலாகத் தெரியும். இப்படி நான் டைப் செய்த ஒரு வரிக்காகக் கல்லூரி நண்பன் இரண்டு மாதம் பேசவில்லை. அந்த வாரம்தான் அவனுக்கு வேலை போயிருந்தது, எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலும் 1982ல் இதே தொல்லை. லிப்டில் பாதரசம் கொட்டிவிட்டதாக அங்குள்ள கம்ப்யூட்டரில் விளையாட்டாக எழுதப்பட்டதைச் சிலர் நிஜமென்று நம்பிவிட்டனர். வேடிக்கையாக எழுதினால் :-) என்று போடலாமே என, செப்டம்பர் 19 அன்று யோசனை சொன்னார் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஸ்காட் பால்மன். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள், சிரிக்கும் முகம் தெரியும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதைப் படமாகவே போடலாம். டைப் செய்யும் இடத்தில் கிளிக் செய்யுங்கள். கீபோர்டின் கீழ்வரிசையில் இடப்பக்கம் உள்ள விண்டோஸ் கீயை அழுத்தியபடி, முற்றுப்புள்ளி கீயைத் தட்டுங்கள். சிறிய கட்டம் திறக்கும். வேண்டிய முகத்தைக் கிளிக் செய்தால் போதும். (வரிக்கு வரி போட்டால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும்.)

என் நண்பன் விஷயத்தில் எந்த முகம் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இப்போதெல்லாம் கிண்டலை ஆரம்பிக்கும் முன் "எப்படிடா இருக்கே?" என்று டைப் செய்துவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.