பெருகும் குடிகளும் பெருகாத நீரும்
வாகரைப் பகுதிக் கமக்காரர்க்கான குறிப்புகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில் அமைந்துள்ளது வாகரை. கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும், வடக்கே வெருகல் ஆறு. இவற்றிடையே பனிச்சங்கேணி முதல் கதிரவெளி வரை மணற்றரை நீண்டு கிடக்கின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலேயே பெய்துவிடும். பின்னர் கச்சான் காற்று வீசும் காலமெல்லாம் சேமித்த நீரே துணை. குடிகள் பெருகுந்தோறும் கிணறுகளும் நீரிறைக்கும் இயந்திரங்களும் பெருகுகின்றன, மழையோ பெருகுவதில்லை. ஆதலால் குடிநீரும் பயிர்நீரும் ஒன்றையொன்று கெடுக்காது வழங்கும் முறையை யாவரும் அறிதல் வேண்டும்.

1. மணற்றரைக் கிணற்றின் இயல்பு

மணலுட் புகுந்த மழைநீர், பாரங்கூடிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் தங்கக்கூடும் என்பது கணக்கு. இதன் மறுபக்கமும் உண்மையே. மிகுதியாக இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தின், கீழிருந்து உப்புநீர் அதனிலும் பன்மடங்கு மேலேறும். கிணற்றை ஆழமாக்கினால் நீர் கூடும் எனக் கருதுதல் மணற்றரையிற் பொருந்தாது. ஆழம் கூடக்கூட உவரே அண்மையாகும்.

2. கடற்கோள் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26இல் நிகழ்ந்த கடற்கோளினால் கிழக்குக் கரையின் கிணறுகள் உவர்பட்டன. அவற்றைத் தூய்மையாக்கும் நோக்குடன் பலர் மீண்டும் மீண்டும் இறைத்தனர். ஆயினும் இறைப்பினால் உவர் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. மிகையான இறைப்பு உப்புநீரை மேலிழுக்கவும் கூடும். உவரைக் கழுவி இறக்கியது அடுத்தடுத்து வந்த மாரிமழையே. உவர்பட்ட கிணற்றைச் சிறிது இறைத்துத் துப்புரவாக்கி, மழைக்கு விட்டுவிடுதலே நன்று.

3. குளத்துநீரைப் பங்கிடல்

மட்டக்களப்பு நகரும் அயற்கிராமங்களும் முன்னர் பெரும்பாலும் கிணறுகளையே நம்பியிருந்தன. குடிநெருக்கம் கூட, மலக்குழிகளின் கசிவு கிணற்றுநீரைக் கெடுத்தது. எனவே, உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவில் சுத்திகரித்துக் குழாய்வழி வழங்கும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் நிறைவேற்றப்பட்டது. உன்னிச்சையோ வயலுக்கு நீர்பாய்ச்சும் குளம். கமக்காரர் பங்கு குறையாதிருத்தற்பொருட்டுக் குளத்தின் கொள்ளளவைக் கூட்டும் வேலையும் அத்திட்டத்திற் சேர்க்கப்பட்டது. புதிய பங்காளி வரும்போது பாத்திரமும் பெரிதாதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் நெறி. கட்டுமுறிவுக் குளம் போன்ற வாகரைக் குளங்களின் நீரைப் பற்றி எண்ணும்போதும் இது மறக்கத்தக்கதன்று.

ஒரு கணக்கைக் காண்க. ஓர் ஏக்கர் வயலுக்கு ஒரு போகத்தில் 3 அடி நீர் பாய்ச்சினால் அது ஏறக்குறைய 37 இலட்சம் லீற்றராகும். நாளொன்றுக்கு 100 லீற்றர் வீதம் நூறு பேருக்கு ஓராண்டிற்கு வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே வயலில் மிச்சப்படும் ஓர் அங்குலமும் சிறிதன்று.

4. நெற்செய்கையாளர் கவனிக்க வேண்டியவை

(அ) முதல் மழையுடன் உழுது விதைத்தல் வேண்டும். குளம் நிரம்பும்வரை காத்திருப்போர் மழைநீரை இழந்து, பின்னர் குளத்துநீரைச் செலவிடுவர்.

(ஆ) வரம்புகளையும் வாய்க்கால்களையும் போகத்துக்கு முன்னரே திருத்தி, நண்டுத் துளைகளை அடைத்தல் வேண்டும்.

(இ) சிறுபோகத்தில் விதைக்கும் பரப்பையும் நீர் திறக்கும் நாட்களையும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் முடிவுசெய்து, அதன்படி ஒழுகுதல் வேண்டும்.

(ஈ) களப்போர வயல்களுக்கு உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இனங்கள் ஏற்றவை.

5. தோட்டச் செய்கையாளர் கவனிக்க வேண்டியவை

(அ) வெங்காயமும் போஞ்சியும் உவரை எளிதில் தாங்கா. தக்காளி ஓரளவு தாங்கும். இலைநுனி கருகுதல் உவரின் அறிகுறியாகலாம். நீரைச் சோதிப்பித்த பின்னரே பயிரைத் தெரிதல் நன்று.

(ஆ) ஒரே வேளையில் கிணறு வற்ற இறைத்தல் கூடாது. காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்தல் வேண்டும்.

(இ) கூட்டெரு இட்டு, வைக்கோலால் மூடாக்கு இடின் மணலில் ஈரம் நீடிக்கும்.

(ஈ) இரசாயன உரத்தைப் பல தடவையாகப் பிரித்து இடுதல் வேண்டும். மிகையான உரம் மணலூடாகக் கிணற்றிற் சேரும். கற்பிட்டி மணற்றரையில் இவ்வாறு நைத்திரேற்று கூடிய நீர், குழந்தைகட்குத் தீங்காகக் கூடியது.

(உ) குடிநீர்க் கிணறு மலக்குழியிலிருந்து 100 அடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் நலம்.

குழாய்நீர் வருமுன்னும் வந்த பின்னும் மணலினுள் உள்ள நன்னீரே இக்கரையோரத்தின் சேமிப்பு. ஒருவர் தோட்டத்தில் அளவுமீறி இறைக்கும் நீர் அயல்வீட்டுக் குடத்தை உவராக்கும். மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.