எங்கள் தீவை எழுதி வைத்த நகரம்: பெஸ்ஸுக்கு ஒரு முதற்பயணத் திட்டம்

"நாங்க அங்க போகவா போறம், டீச்சர்?"

உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகப் பாடம். கரும்பலகையில் 'மொரோக்கோ, பெஸ், கரவிய்யீன், கி.பி. 859' என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது பின்வரிசையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. குறும்புக்காகக் கேட்டதல்ல. பரீட்சைக்கு ஒரு பெயரும் ஓர் ஆண்டும் போதுமே, மற்றதெல்லாம் எதற்கு என்பதுதான் அதன் உட்பொருள். நான் பதில் சொல்லாமல் அதையே வீட்டு வேலையாகக் கொடுத்துவிட்டேன். "போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள். முதல் தடவை போகிறீர்கள். திட்டம் எழுதி வாருங்கள்." நானும் அந்த நகரைப் பார்த்தவளல்ல. ஆகவே பிள்ளைகளோடு சேர்ந்து நானும் எழுதினேன். அந்த வேலையின் பயன்தான் இக்கட்டுரை.

பயணத் திட்டத்தை டிக்கட்டிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நாங்கள் ஒரு புத்தகத்திலிருந்து தொடங்கினோம்.

மொரோக்கோவின் தஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 21 வயதில் ஹஜ்ஜுக்கென்று தனியாகப் புறப்பட்டவர். போன மனிதர் ஊர் திரும்ப ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆயின. இடையில் 1344இல் மாலைதீவிலிருந்து நமது நாட்டுக்கும் வந்தார். அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் துறை புத்தளம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று வியக்கிறார். கரையெங்கும் ஆற்று வெள்ளம் அள்ளிவந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைச் சொல்கிறார். மன்னர் முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேள் என்றபோது அவர் கேட்டது வேறொன்று: பாவா ஆதம் மலைக்குப் போய்வர வழி. மன்னர் பல்லக்கும், யோகிகளும், பிராமணர்களும், உணவு சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பிவைத்தார். மலை ஏறி இறங்கி, தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக மீண்டும் புத்தளம் வந்து கப்பலேறினார். நம் கிழக்குக் கரைக்கு அவர் வரவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் இதில் கொஞ்சம் மனக்குறைதான்.

இத்தனையும் எங்கே எழுதப்பட்டது? பெஸ் நகரில். மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, நினைவிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸை என்ற இளம் எழுத்தாளர் எழுதினார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. நம் கறுவாவும் முத்தும் மலையும் அந்த நகரத்தில் அரபு எழுத்தாகி நின்றிருக்கின்றன. இது தெரிந்த பின் பெஸ் எங்களுக்கு அந்நிய ஊராகத் தெரியவில்லை. முதற்பயணத்துக்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான் என்பது என் எண்ணம்: அந்த ஊருக்கும் நமக்கும் முன்பே இருந்த உறவைத் தேடிப் பார்ப்பது.

இனி நடைமுறை. எப்போது போவது? கடும் கோடையில் பெஸ்ஸின் வெயில் 40 பாகையைத் தொடும். கடலோரம் பிறந்த நமக்கு அந்தக் காய்ந்த வெப்பம் பழக்கமில்லை. மார்ச் முதல் மே வரையும், செப்டெம்பர் முதல் நவம்பர் வரையும் நல்ல காலம். ஆனால் நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தில்தானே வருகிறது! அப்போது போனால் பகலில் உணவுக் கடைகள் மூடியிருக்கும், ஊர் நோன்பு திறந்த பின்தான் விழிக்கும். மொரோக்கோவில் நோன்பு மாதத்துக்கென்று மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளிவிடுவார்கள். மற்ற மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணித்தியால வித்தியாசம், நோன்பில் ஐந்தரை. இதைக் கவனிக்காமல் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் உம்மாவைப் பாதி இரவில் எழுப்ப நேரும்.

வழி இப்படி. கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு. கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய் போன்ற ஓரிடத்தில் மாறிக் கஸபிளாங்கா சேரவேண்டும். அங்கிருந்து ரபாத், மெக்னெஸ் வழியாகப் புகையிரதத்தில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் பெஸ். விசா வேண்டும். அதற்கான நாட்களை முதலில் விசாரித்த பின்பே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டவேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிப் பணத்தை இழந்தவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை. பணம் என்றதும் இன்னொன்று. ஒரு பிள்ளை, "மாமா துபாயில, திர்ஹம் தந்து விடுவார்" என்று எழுதியிருந்தாள். துபாய்த் திர்ஹம் வேறு, மொரோக்கோ திர்ஹம் வேறு. பெயர் மட்டுமே ஒன்று. மொரோக்கோ திர்ஹம் அந்த நாட்டுக்கு வெளியே புழங்குவதும் இல்லை. டொலரோ யூரோவோ கொண்டுபோய் அங்கே மாற்றவேண்டும்.

இதற்கு மேல் பயண ஏற்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஊருக்குள் நுழைவோம்.

பழைய நகரை 'பெஸ் அல்-பாலி' என்பார்கள். இத்ரீஸிய அரசர்கள் எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமைத்த ஊர். 1981இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மதிலுக்குள் மோட்டார் வாகனம் கிடையாது. கழுதையும் கோவேறு கழுதையும் பொதி சுமக்கும். பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் வந்தால் உடனே சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். 'கவனம், வழிவிடு' என்பதே அதன் பொருள். ஆயிரக்கணக்கான ஒழுங்கைகள். சில இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போகவேண்டிய அளவுக்கு ஒடுக்கம். கைத்தொலைபேசி வரைபடம் அங்கே அடிக்கடி தடுமாறும்.

வழி தவறாமலிருக்க ஊரே ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறது. மேற்கே பாப் பூ ஜலூத் வாசல் உயரத்தில், கரவிய்யீன் பள்ளிவாசல் பள்ளத்தில். இரண்டையும் இணைக்கும் பெருந்தெருக்கள் இரண்டு: தலஆ கபீரா, தலஆ ஸகீரா. 'பெரிய ஏற்றம்', 'சிறிய ஏற்றம்'. குர்ஆன் மத்ரஸாவில் படித்த எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சொற்கள் தெரியும். இறங்கிக்கொண்டே போனால் பள்ளிவாசல். ஏறிக்கொண்டே வந்தால் வாசல். "அந்தப் பாதை மூடியிருக்கு, என்னோட வாங்க" என்று அழைப்பவரைத் தொடராமல், ஏற்றமா இறக்கமா என்று காலைக் கேட்டால் போதும். முதல் நாள் மட்டும் அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரை, கூலியை முன்கூட்டிப் பேசிக்கொண்டு அமர்த்துவது நல்லது.

இறங்கும் வழியில் பூ இனானிய்யா மத்ரஸா வரும். இப்னு பதூதாவை எழுதவைத்த அதே அபூ இனான் கட்டியது. 1350இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் முடிந்தது. மரச் செதுக்கலும் சுண்ணச் சாந்து வேலையும் வண்ண ஓடுகளும் அங்கே ஒரு சுவரையும் சும்மா விடவில்லை. எதிரே தெருவின் மறுபக்கத்தில் 1357இன் நீர்க் கடிகாரம். பொறி இன்று இயங்குவதில்லை, சுவரில் அதன் சாளரங்கள் மட்டும் நிற்கின்றன. தொழுகை நேரம் அறிய நீரால் ஓடிய மணிக்கூடு! என் திட்டத்தில் இந்த இரண்டுக்கும் ஒரு முழு முற்பகல். பிள்ளைகள் பலர் அரை மணித்தியாலம்தான் போட்டிருந்தார்கள். அவர்களுடைய மிச்ச நேரம் தோல் பதனிடும் ஷவ்வாரா தொட்டிகளுக்கும் கடைகளுக்கும் போயிருந்தது. தொட்டிகளை மேலே தோற்கடைகளின் மாடியிலிருந்து பார்க்கலாம். வாடையைத் தாங்க ஒரு கொத்துப் புதினா தருவார்கள்.

அடுத்து அத்தாரீன், வாசனைச் சரக்குக் கடைத்தெரு. பக்கத்தில் 1325இல் முடிந்த அதே பெயருடைய மத்ரஸா. அங்கே கறுவாவின் மணம் வரும். கோழி அல்லது புறா இறைச்சியும் பாதாமும் சீனியும் கறுவாவும் சேர்த்து மெல்லிய மாவில் பொதிந்து சுடும் 'பஸ்தீலா' அந்த நகரின் பெயர்பெற்ற உணவு. இறைச்சியில் சீனியா என்று வகுப்பே முகம் சுளித்தது. வட்டிலப்பத்தில் ஏலமும் கறுவாவும் போடுகிறவர்கள் நாம், இவ்வளவு அவசரமாகச் சுளிக்கக்கூடாது.

இனிக் கரவிய்யீன். பாடநூலில் நாம் படிப்பது இது: கைரவானிலிருந்து குடிபெயர்ந்த வணிகரின் மகள் பாத்திமா அல்-பிஹ்ரி, தந்தையின் சொத்தில் தமக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு 859இல் பள்ளிவாசலைக் கட்டினார். சகோதரி மர்யம் ஆற்றின் அக்கரையில் அந்தலுஸிய்யீன் பள்ளிவாசலைக் கட்டினார். கட்டி முடியும்வரை பாத்திமா நோன்பு நோற்றார் என்றும் சொல்வர். மாணவியர் அறியவேண்டிய ஒன்று, இந்த வரலாறு நமக்கு விரிவாகக் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டில் இப்னு அபீ ஸர்உ எழுதிய நூலிலிருந்து. நிகழ்ந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதப்பட்டது. அதனால் இக்கால ஆய்வாளர் சிலர் விவரங்களைக் கேள்விக்குட்படுத்துகிறார்கள். பரீட்சை விடைத்தாளில் ஆண்டையும் பெயரையும் எழுதுங்கள். எங்கிருந்து தெரியவந்தது என்பதையும் ஒரு வரி எழுதினால் திருத்துபவர் மகிழ்வார்.

ஐயத்துக்கு இடமில்லாத இன்னொரு பெண்ணும் அங்கே இருக்கிறார். கரவிய்யீனின் பழைய நூலகம் சிதைந்திருந்தபோது அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றவர் பெஸ்ஸிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவ்னி. 2012இல் தொடங்கிய வேலை 2016இல் முடிந்தது. இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலின் பிரதியொன்றை அன்பளித்த நூலகம் அது.

மொரோக்கோவின் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிமல்லாதோருக்கு அனுமதியில்லை. உலகெங்குமிருந்து வரும் பயணிகள் கரவிய்யீனின் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நமது பிள்ளைகள் உள்ளே போய்த் தொழலாம். பெண்கள் எந்த வாசலால் போவது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். உள்ளே சில வேறுபாடுகள் தெரியும். அவர்கள் மாலிகி மத்ஹப், பலர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார்கள். ஓதுவது வர்ஷ் கிராஅத், நாம் ஓதுவது ஹப்ஸ். "மாலிகி யவ்மித்தீன்" என்று எதிர்பார்த்திருக்கும் காதுக்கு "மலிகி" என்று விழும். பிழை என்று எண்ணித் திடுக்கிடாமலிருக்க இது முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

தங்குவதற்கு மதிலுக்குள்ளேயே பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சுவர். யன்னல்கூட அருமை. உள்ளே போனால் முற்றமும் நீரூற்றும் வானமும். வளவைச் சுற்றிக் கிடுகு வேலி கட்டி உள்ளே பெண்கள் பன்பாய் இழைத்த நம் மூத்தம்மாமாரின் வீடுகளை நினைத்தால் அந்த அமைப்பு உடனே விளங்கும். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல், குர்ஆன் பள்ளிக்கூடம், குளியலகம், பொது ரொட்டி அடுப்பு, நீர்க்குழாய் என்று ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில். வீட்டில் பிசைந்த மாவைச் சிறு பிள்ளைகள் பலகையில் சுமந்து அடுப்புக்குக் கொண்டுபோவார்களாம். என் திட்டத்தின் மூன்றாம் நாள் இதற்குத்தான். எதையும் வாங்காமல் ஒரே மஹல்லாவில் ஐந்தையும் தேடிப் பார்ப்பது.

இப்னு பதூதா பெஸ்ஸுக்கு வந்து கதைகளைச் சொன்னபோது அரண்மனையில் பலர் நம்பவில்லை. அந்நாட்களில் அங்கே பணியிலிருந்த இளைஞர் இப்னு கல்தூனுக்கும் ஐயம். அமைச்சர் ஒருவரிடம் அதைச் சொன்னார். அமைச்சர் ஒரு கதை சொன்னாராம். சிறையிலேயே வளர்ந்த ஒரு பிள்ளை, தான் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று தந்தையிடம் கேட்டது. ஆடு என்றார் தந்தை. ஆடு எப்படியிருக்கும் என்று அவர் எவ்வளவு விளக்கியும், "எலி மாதிரியா வாப்பா?" என்றே பிள்ளை கேட்டது. அது கண்ட பிராணி எலி ஒன்றுதான். இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் இதை எழுதி வைத்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னபோது முதலில் சிரிப்பு, பிறகு சற்று நேரம் சத்தமில்லை.

பெற்றோர் சந்திப்பன்று, அந்தப் பின்வரிசைப் பிள்ளையின் வாப்பா வந்தார். வயல் செய்கிறவர். "பொம்புளப் புள்ளைக்கு மொரோக்கோ என்னத்துக்கு, டீச்சர்?" என்று கேட்கத்தான் வந்திருப்பார் என நினைத்தேன். மகளின் கொப்பியைக் கையில் வைத்திருந்தார். அவள் மூன்று பேருக்குச் செலவு போட்டிருந்தாள்: வாப்பா, உம்மா, தான். நான்காம் நாளில் 'பெஸ் ஆற்று நீர் வாய்க்கால்கள்' என்று எழுதியிருந்தாள். மேட்டிலிருந்து வரும் ஆற்றைப் பல கிளைகளாகப் பிரித்து, களிமண் குழாய்களால் பள்ளிவாசலுக்கும் வீடுகளுக்கும் ஊற்றுகளுக்கும் நல்ல நீரைக் கொடுத்து, கழிவு நீரை வேறு வழியாக இறக்கிய ஏற்பாடு அது. அவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதுல ஒண்டு விளங்கல்ல, டீச்சர். நமக்கு இங்கினியாகலைத் தண்ணிக்கு வட்டவிதானை இரிக்காரு. அங்க மேட்டு வீட்டுக்காரன் வாய்க்கால அடச்சா, பள்ளத்து வீட்டுக்காரன் ஆருக்கிட்டப் போவான்?"

நீர்ப் பங்கு வழக்குகள் காழிமாரிடம் போயின என்று சொன்னேன். எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டார். அதை மகளிடமே தேடி எழுதச் சொல்லியிருக்கிறேன்.