இடிமின்னலும் உங்கள் கைத்தொலைபேசியும்

புதிதாக வந்தவர்களிடம் வேறு சொத்து இல்லாவிட்டாலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கும். ஊரில் எடுத்த படங்கள், பொலிஸ் துண்டு, வைத்தியசாலைக் கடிதம், சட்டத்தரணியின் இலக்கம் எல்லாம் அதற்குள்தான். அது எரிந்தால் உங்கள் ஆதாரமும் போய்விடும். இங்கிலாந்தில் இடிமின்னல் ஊரளவுக்கு இல்லை. ஆனாலும் கோடை காலத்தில் வரும். ஆகவே இதை ஒருமுறை படித்து வையுங்கோ.

மின்னல் எப்படிக் கெடுக்கிறது?

ஒரு மின்னலில் ஏறக்குறைய 30,000 அம்பியர் மின்னோட்டம் பாயும். அது வீட்டின்மேல் விழ வேண்டுமென்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே அதிலிருந்து எழும் மின்காந்தத் துடிப்பு வயர்களில் திடீர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான வோல்ற் வரலாம். கரண்ட் வயர், ரெலிபோன் வயர், ரீவி அன்ரனா வயர் மூன்றும் அதற்குப் பாதை.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?" என்று சிலர் கேட்பினம். அது ஆளைக் கரண்ட் அடிக்காமல் காப்பதற்கு. பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் உருகவும் நேரம் வேணும். மின்னல் துடிப்பு அதற்கு முன்பே வேலையை முடித்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. இடி வரும் என்று வானிலை அறிவித்தால் முன்கூட்டியே சார்ஜ் பண்ணிவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கோ. சுவிட்சை நிற்பாட்டினால் மட்டும் போதாது. காற்றில் கிலோமீற்றர் கணக்காகப் பாய்ந்து வந்த மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளி பெரிதல்ல.

2. மின்னலைக் கண்டதும் செக்கன்களை எண்ணுங்கோ. 3 செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30க்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. அதன்பின் பிளக்கையோ வயரையோ தொட வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் பொறுங்கோ. வயரில் கொழுவாத கைத்தொலைபேசியில் வீட்டுக்குள் இருந்து கதைக்கலாம், பயமில்லை.

3. இன்ரர்நெற் பெட்டி உங்களுடையது என்றால் அதன் கரண்ட் வயரையும் ரெலிபோன் வயரையும் கழற்றுங்கோ.

4. சாதாரண மல்ரிபிளக் மின்னலைத் தடுக்காது. 'சேர்ஜ் புரொட்டெக்ரர்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாங்குங்கோ. அதன் சிறு விளக்கு அணைந்தால் பாதுகாப்பு முடிந்தது என்பதே பொருள். நேரடி மின்னலை அதுவும் தாங்காது.

சூரியப் புயல், அணுகுண்டு என்று பயமுறுத்தும் செய்திகள்

1989 மார்ச் 13 இல் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 9 மணித்தியாலம் மின்சாரம் நின்றது உண்மை. ஆனால் தாக்கப்பட்டது நீண்ட மின்கம்பித் தொடர்கள், கையில் இருக்கும் போன் அல்ல. இதற்கென்று விசேட பை வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: பிரதி

மின்னல் இல்லாமலும் போன் உடையலாம், களவு போகலாம். ஆதாரங்களை இன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கோ. ஒரு பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கோ. முக்கிய பக்கங்களை நூலகத்தில் அச்செடுத்து வையுங்கோ. மின்னஞ்சல் கடவுச்சொல்லும் சட்டத்தரணியின் இலக்கமும் போனில் மட்டும் இருக்கக் கூடாது. வேறொரு இடத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கோ.

மீட்டல்

சுவிட்சை நிற்பாட்டினால் ஏன் போதாது? கடைசி இடிக்குப் பிறகு எவ்வளவு நேரம் பொறுக்க வேணும்? உங்கள் ஆதாரங்கள் இப்போது எத்தனை இடத்தில் இருக்கின்றன? மூன்றாவது கேள்விக்கு "ஒரே இடத்தில்" என்பது விடையானால், அடுத்த முறை அலுவலகத்துக்கு வரும்போது போனைக் கொண்டு வாருங்கோ. பிரதி எடுக்க உதவி செய்கிறோம்.