விதையோடு கைப்பக்குவமும்

இடம்பெயரும் குடும்பம் எதைக் கொண்டு போகிறது? 1995இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போன எம்மவர், கையில் ஏந்தக்கூடியதையே ஏந்தினர். கிணறும் செம்மண்ணும் பின்னே நின்றுவிட்டன. கைக்குப் பழகிய தொழில் மட்டும் கூடவே வந்தது. அதன் பெறுமதியை உணர, தூரதேசத்து விவசாயிகளின் வாழ்வொன்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

சேற்றில் எழுந்த தோட்டம்

மெக்சிக்கோவின் அஸ்டெக் மக்களும் அலைந்து வந்தவர்களே. 1325ஆம் ஆண்டளவில் ஏரி நடுவே ஒரு சதுப்புத் தீவில் குடியேறினர். ஏரிச் சேற்றையும் நீர்ப்பூண்டுகளையும் குவித்து மேட்டுப் பாத்திகள் அமைத்தனர். ஓரம் கரையாதிருக்க மரம் நட்டனர். சோளம், போஞ்சி, பூசணி, தக்காளி, மிளகாய் விளைந்தன.

பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் கழுவி, அம்மி போன்ற கல்லில் அரைத்து ரொட்டி சுட்டனர். தொட்டுக்கொள்ள மிளகாயும் உப்பும். படுக்கப் பாய். எமது வீடுகளுக்குக் கிட்டிய வாழ்க்கைதான்.

விதை போனது, பக்குவம் போகவில்லை

1521இல் ஸ்பானியர் அவர்களது நகரைப் பிடித்தனர். சோளம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. சுண்ணாம்பில் அவிக்கும் வழக்கம் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சோளத்தையே நம்பி உண்ட வட இத்தாலி ஏழைகளுக்குத் தோல் புண்ணாகி, வயிறு கழிந்து, புத்தி தடுமாறும் நோய் வந்தது. சோளத்திலுள்ள ஓர் உயிர்ச்சத்து உடலில் சேரச் சுண்ணாம்பு உதவுகிறது என்பது பிற்காலத்திலேயே விளங்கியது. படிப்பறியாப் பெண்களின் கைப்பழக்கம் ஒரு நோயையே தடுத்து நின்றிருக்கிறது.

எமது அடுப்படியில்

அதே மெக்சிக்கோ மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக எம்மிடம் வந்தது. முன்பு மிளகே எமக்கு உறைப்பு. மல்லி, சீரகத்தோடு வறுத்து இடித்து மிளகாயை எமதாக்கினோம்.

ஒடியலையும் எண்ணுவோம். மாவை நீரில் ஊறவிட்டு, அந்நீரை ஊற்றிப் பிழிந்த பின்பே கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்கிறோம். கசப்போடு தீங்கானதும் நீங்குகிறது. இந்த அறிவு நிவாரணப் பொதியில் வராது. முகாமில் வளர்ந்த பிள்ளைக்குப் பெரியவர்கள் காட்டினால்தான் உண்டு.

கூடிப் பேசுவோம்

1. எமது வீட்டில் பாட்டிக்கு மட்டும் தெரிந்த பக்குவங்கள் எவை?
2. சொந்தக் காணி இல்லாவிடினும் பிள்ளைகளுக்கு எதைப் பழக்கலாம்?
3. இம்முறை பனம்பழக் காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கிழங்குப் பாத்தி போடுவோமா?