பாலித் எழுதிய பத்திரம்

அன்புள்ள பாப்பா,

பிளஸ் டூ மார்க் வந்ததிலிருந்து உன் அப்பாவின் போனுக்குப் பெங்களூரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வருகிறதாம். உங்கள் தளி எல்லை ஊர் என்பதால் புரோக்கர்களுக்கு வசதி. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் கேட்டாலும் பதில் வரும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் இருக்கிறது, டொனேஷன்தான் கொஞ்சம் ஆகும் என்பார்கள். கட்டாய நன்கொடையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பற்றி எந்தப் புரோக்கரும் வாய் திறப்பதில்லை.

கல்விக்குக் கொடுக்கும் பணம் எல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடாதே. இதற்கு நேர் எதிராகப் போன பணமும் உண்டு. அது ஒரு தமிழரை நோபல் பரிசு வரை கொண்டுபோனது.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி ஓர் அறிவியல் கல்லூரி தொடங்க நினைத்தார். ஆங்கிலேய அரசை நம்பிப் பயனில்லை. இரண்டு வழக்கறிஞர்கள் கைகொடுத்தார்கள். தாரக்நாத் பாலித் 1912இல் நிலமும் ரொக்கமுமாகச் சுமார் 15 லட்சம் ரூபாய் தந்தார். அதே பல்கலைக்கழகத்தில் படித்த ராஷ்பிஹாரி கோஷ் 1913இல் 10 லட்சம் தந்தார். அந்தக் காலத்து லட்சம் அது.

பாலித்தின் கொடைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: அந்தப் பணத்தில் உருவாகும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே அமர வேண்டும். இன்று படித்தால் இதிலென்ன தகுதி இருக்கிறது, ஒதுக்கல்தானே என்று தோன்றும். அன்றைய நிலவரம் வேறு. எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கி வந்த வேதியியலாளர் பிரஃபுல்ல சந்திர ராய்க்கே, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 250 ரூபாய்ச் சம்பளத்தில் கீழ்நிலைப் பணிதான் கிடைத்தது. மேல்நிலைப் பணிகளுக்கு ஆங்கிலேயர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடைத்துக் கிடந்த கதவைத்தான் அந்த நிபந்தனை திறந்தது. ராய் புதிய அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியர் ஆனார்.

இயற்பியலுக்கான பாலித் பதவிக்கு முகர்ஜி கண் வைத்தது ஒரு கணக்குத் துறை அதிகாரிமேல். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், பகலில் அரசாங்கக் கணக்குப் பார்ப்பார். ஆபீஸ் முடிந்தால் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்துக்குப் போய்விடுவார். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் நன்கொடை திரட்டி 1876இல் தொடங்கிய சங்கம் அது. ராமனிடம் வெளிநாட்டுப் பட்டம் கிடையாது. பாலித்தின் பத்திரத்திலோ இன்னொரு வரி: பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். போய்ப் பயிற்சி எடுத்துவர முடியாது என்று ராமன் கறாராக மறுத்துவிட்டார். பாலித் 1914இலேயே காலமாகியிருந்தார். பல்கலைக்கழகம் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. 1917இல் குறைந்த சம்பளத்துக்கு ராமன் வந்து சேர்ந்தார். 1928இல் ராமன் விளைவு, 1930இல் நோபல்.

பத்திரம் எழுதிய பாலித் நல்லவர், பெரிய மனது. ஆனாலும் அவர் எழுதிய ஒரு வரியை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் ராமன் கடைசிவரை கணக்குதான் பார்த்திருப்பார். ஆளை எடைபோடும் வேலையைக் கல்வியாளர்களிடம் விட்டதால் கொடையின் நோக்கம் பிழைத்தது.

பணம் தருகிறவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் கல்லூரியில் எவ்வளவு சொல் இருக்கலாம் என்ற சண்டை அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. ஹார்வர்டில் விண்ணப்பித்த முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது, மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் என்பது நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கான சலுகையையே நிறுத்திவிட்டது. அங்கே படித்த மைக்கேல் புளூம்பெர்க், பணமில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2018இல் 180 கோடி டாலர் கொடுத்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கதை வேறு மாதிரி. 2023 அக்டோபரில் மார்க் ரோவன் என்ற கோடீஸ்வர முன்னாள் மாணவர், வளாகத்தில் யூத வெறுப்பைத் தலைமை கண்டிக்கத் தயங்குகிறது என்று சொல்லி, நன்கொடையாளர்கள் இனி ஒரே ஒரு டாலர் அனுப்பினால் போதும் என்றார். டிசம்பரில் பல்கலைக்கழகத் தலைவர் லிஸ் மெகில் பதவி விலகினார். அதோடு நிற்காமல், ஆசிரியர் நியமனம் வரை தொட்டு அறங்காவலர்களுக்கு ரோவன் கேள்விப் பட்டியல் அனுப்பியபோது பேராசிரியர்கள் கொதித்தார்கள். குறையைத் தட்டிக் கேட்க முன்னாள் மாணவருக்கு உரிமை உண்டு. வகுப்பில் யார் நிற்பது என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் அது வேறு கணக்கு.

நம் நாட்டிலும் பார்த்தோம். தொழிலதிபர்களின் கொடையில் சோனிபத்தில் 2014இல் தொடங்கியது அசோகா பல்கலைக்கழகம். அரசை விமர்சித்து எழுதிவந்த பிரதாப் பானு மேத்தா 2021 மார்ச்சில் விலகினார். நிறுவனர்களைச் சந்தித்த பிறகு, தன் தொடர்பு பல்கலைக்கழகத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படலாம் என்பது தெளிவானது என்று ராஜினாமாக் கடிதத்தில் எழுதினார். இரண்டே நாளில் பொருளாதார அறிஞர் அரவிந்த் சுப்பிரமணியனும் ராஜினாமா செய்தார். அங்கே கல்விச் சுதந்திரத்துக்காக மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் குரல் கொடுத்தார்கள். நடைமுறையில் தவறு நேர்ந்தது என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஹார்வர்டு தமிழ் இருக்கை உனக்கும் தெரிந்த கதைதான். 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது, உலகெங்கும் தமிழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பணம் போட்டது தமிழர்கள்; இருக்கையில் அமர்ந்தவரோ சங்கப் பாடல்களை மொழிபெயர்த்த அமெரிக்கர் மார்த்தா ஆன் செல்பி.

கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் ஒரு வேலை செய். உன் பட்டியலில் உள்ள கல்லூரிகளில் படித்தவர்கள் ஓசூர் சிப்காட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காதே. பாடம் நடத்துகிறவரை யார் தேர்ந்தெடுத்தது, ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசிய மாணவருக்கு என்ன ஆயிற்று, உதவித்தொகை உண்மையில் யார் கைக்குப் போகிறது என்றும் கேள். முதல் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் கூப்பிட்டால் ஒளிக்காமல் பேசுவார்கள்.

அன்புடன்,
மாமா